கியர் பாக்ஸுக்குள் எந்தத் தண்ணீர்?

பட்டறையின் வாட்ஸப் குழுவில் என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். நீக்க யாருக்கும் மனம் வரவில்லை என்று நான் நம்புகிறேன். நீக்குவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறாள் என் மனைவி. போன வாரம் அதில் ஒரு மெக்கானிக் கேட்டிருந்தார்: “அண்ணே, பழைய பிக்கப்புக்கு கியர் ஆயில் எது ஊத்துறது? ஸ்டோர்ல இருக்கிற நப்பே போதுமா?”

நப்பே என்றால் இந்தியில் தொண்ணூறு. தொண்ணூறாம் நம்பர் எண்ணெய். எங்கள் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரு பீப்பாய் வரும். கியர் பாக்ஸ், பின் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரம், கிரீச்சிடும் கேட், ஸ்டோர்கீப்பரின் வீட்டு நாற்காலி, எல்லாவற்றுக்கும் அதே பீப்பாய்தான். இன்னொரு வகை வேண்டுமென்றால் இன்னொரு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாததால் இன்னொரு வகையே கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டோம்.

கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் கேட்டுவிட்டாரே, அனுபவிக்கட்டும்.

என் அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கினார். நான் அந்தத் தோட்டத்து டிராக்டருக்கு அடியில் இறங்கினேன். அப்புறம் போர்ட் பிளேரில் ஹெல்ப்பர், மெக்கானிக், கடைசியில் ஃபோர்மன். நடுவிலிருந்த வருஷங்களில் எண்ணெயும் வசவும் தவிர விசேஷமாக ஒன்றுமில்லை. எந்தத் துறையின் பட்டறை என்று சொல்லமாட்டேன். பென்ஷன் மாதாமாதம் வருகிறது. அது தொடர்ந்து வரட்டும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் நிலமே கொஞ்சம் கீழே போய்விட்டது. வண்டூர் போகும் வழியில் வயலாக இருந்தவை உப்புநீர் ஏரிகளாயின. கடலேற்றம் பெரிதாக வரும் நாட்களில் தாழ்ந்த இடங்களில் கடல் ரோட்டின் மேலேயே ஏறி நிற்கும். அங்கே ஒரு கம்பம் நட்டு சிவப்புக் கோடு போட்டிருந்தோம். தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தால் துறை வண்டி எதுவும் கடக்கக் கூடாது. கடந்தால் டிரைவரின் வேலை போகும்.

இரண்டாவது உத்தரவு பட்டறையின் கழுவுமிடத்தில் பலகையில் எழுதியிருந்தது. உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை வந்தவுடன் அடிப்பாகம் முழுக்க நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ‘வந்தவுடன்’ மட்டும் சிவப்பில். எழுதச் சொன்னவர் சக்ஸேனா சாஹிப், எங்கள் மேலதிகாரி. அவர் இந்தியில் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழுக்கு வரும்போது கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல.

அந்தப் பலகைக்கு முழுசாகக் கீழ்ப்படிந்த ஒரே டிரைவர் சேவியர். வண்டூரில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய டோங்கிப் படகும் வலையும் வீடும் போய்விட்டன. மனைவியும் பிள்ளைகளும் பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். அதற்கப்புறம் அவர் கடலில் கால் வைக்கவில்லை. லைசென்ஸ் எடுத்து எங்களிடம் தினக்கூலி டிரைவராக வந்தார். சேர்த்துக்கொள்ளச் சொன்னது நான்தான்.

ரோட்டில் கணுக்காலளவு கடல் நின்றாலும் வண்டியை நிறுத்திவிடுவார். தண்ணீர் வடியும்வரை பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்ற டிரைவர்கள், “என்ன சேவியரு, கடல் ஒமக்கு மாமியார் மொறையா? எதுக்க போகமாட்டேங்கிறீரு?” என்று கேட்பார்கள். “நீங்க அதப் பாக்கல. நான் பாத்துட்டேன்,” என்பார். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். வடிந்த ரோட்டின் உப்பு ஈரம் மட்டுமே பட்டிருந்தாலும், திரும்பி வந்ததும் என்ஜினை அணைத்த கையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். உப்பு என்றால் அவருக்கு அவ்வளவு பகை.

தினக்கூலிக்காரர்களில் சிலரை நிரந்தரமாக்கும் சமயம் வந்தது. சேவியரின் பெயரும் இருந்தது. அப்போது பார்த்து அவருடைய பிக்கப்பில் இரண்டாம் கியர் கர்ரென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. நான் ஊற்றும் மூடியைச் சற்றே திருகிப் பார்த்தேன். பால் அதிகமான டீ நிறத்தில் ஒன்று கசிந்தது. எண்ணெயில் தண்ணீர். உடனே இறுக்கிவிட்டேன். இறுக்கி என்ன பயன்? சக்ஸேனா சாஹிப் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“கோட்டைத் தாண்டி ஓட்டியிருக்கிறான். கடல் உள்ளே போயிருக்கிறது. திங்கட்கிழமை மத்தியானம் நான் கையெழுத்துப் போடுவதற்குள் இல்லை என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் இவன் நிரந்தரமும் கிடையாது, தினக்கூலியும் கிடையாது.”

சேவியர் சாஹிப்பிடம் வாயே திறக்கவில்லை. அவர் போனபிறகு என்னிடம் சொன்னார்: “அண்ணே, மாதா மேல சத்தியமா நான் தண்ணில எறக்கல. நான் போய் எறக்குவேனா?”

மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கிறதே. அது எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஃபோர்மன் என்ற முறையில் தெரிந்த மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன்.

இங்கேதான் பத்மா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அசிஸ்டன்ட் என்ஜினியர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். போர்ட் பிளேரில் பிறந்த தெலுங்குக்காரர். என்னிடம் தமிழும் இந்தியும் பாதிப் பாதியாகப் பேசுவார். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரே சொல்தான்: “திகாவோ.” காட்டு. பிரேக் பிடிக்கவில்லையா, திகாவோ. ஃபில்டர் மாற்றியாகிவிட்டதா, திகாவோ. ஒருமுறை எனக்கு முதுகுவலி என்று லீவு கேட்டபோது நான் பயந்தே போனேன்.

வெள்ளிக்கிழமையே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். “யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அசைக்கவும் கூடாது. தண்ணி கீழே எறங்கட்டும்.” எண்ணெயும் தண்ணீரும் ஓட்டத்தில் கலங்கியிருக்கும். விட்டுவைத்தால் கனமான தண்ணீர் அடியில் போய் உட்காரும்.

திங்கள் காலை சக்ஸேனா சாஹிப் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். மேடம் கான்டீனிலிருந்து மூன்று வெள்ளைச் சாஸர்கள் வாங்கி வந்திருந்தார். எண்ணெயைப் பார்க்க வெள்ளைப் பீங்கானைவிட நல்லது கிடையாது என்பார். முதலில் கியர் பாக்ஸின் வெளிப்பக்கத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வைத்தார். வெளியே ஒட்டியிருக்கும் உப்பு ஒரு பொட்டு சாம்பிளில் விழுந்தாலும் சேவியர் கதை முடிந்தது.

“ஃபோர்மன் சாப், பெஹ்லே ஊத்துற மூடி.”

கியர் பாக்ஸின் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் மூடி, அடியில் வடிக்கும் மூடி. எப்போதும் முதலில் திறக்க வேண்டியது ஊற்றும் மூடியைத்தான். அவசரக்காரன் அடிமூடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிடுவான். அப்புறம் மேல்மூடி துருப்பிடித்துத் திறக்காது. பழையதும் இல்லை, புதியது போக வழியும் இல்லை, வண்டி சிலையாகிவிடும்.

எனக்கு வாய்த்த மூடி, அன்று நான் பதறி இறுக்கியதில், நன்றாகப் பிடித்துப் போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினேன். ஸ்பானரைப் போட்டு இழுத்தால் மூடி நகரவில்லை, என் தோள்தான் நகர்ந்தது. இன்னும் பலமாக இழுத்தால் மூடியின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கினால் மத்தியானம் வந்துவிடும். சக்ஸேனா சாஹிப் வாட்சைப் பார்த்தார். சேவியர் தூணில் சாய்ந்து நின்று என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

“தீரே,” என்றார் மேடம். மெதுவாக.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பினேன். பிறகு கழற்றும் பக்கம். டக்கென்று விட்டது.

மூடியை எடுத்ததுமே எண்ணெய் தானாக வழிந்தது. சரியான அளவென்றால் வழியாது. சுண்டுவிரலை உள்ளே விட்டால் துளையின் கீழ் விளிம்பில் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான்.

“அதிகமாக ஊற்றியிருக்கிறீர்கள்,” என்றார் சாஹிப்.

“எண்ணெய் அளவாத்தான் ஊத்தினோம் சார்,” என்றேன். “குடித்தனம் வந்தது தண்ணி.”

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அடிமூடியை முழுக்க எடுக்காமல், நூலளவு தளர்த்தச் சொன்னார். சுத்தமான கண்ணாடி பாட்டிலைப் பிடித்தார். முதலில் விழுந்தது எண்ணெய் இல்லை. மங்கலான தண்ணீர், சொட்டுச் சொட்டாக. பிறகுதான் டீ நிறத்தில் கெட்டியாக வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து புது ஊசிக்குழல் ஒன்றை எடுத்து, மேலே மிதந்த எண்ணெய்க்குக் கீழே ஊசியை இறக்கி, தண்ணீரை மட்டும் உறிஞ்சினார். முதல் சாஸரில் விட்டார். இரண்டாவது சாஸரில் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த கடல் தண்ணீர். மூன்றாவதில் எங்கள் கழுவுமிடத்துக் குழாய்த் தண்ணீர்.

மூன்றையும் கான்டீன் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினார். கான்டீன்காரர், “மேடம், கல்லு வீணாப் போகும்,” என்றார். மேடம் தீயைக் கொஞ்சம் கூட்டினார்.

முதலில் காய்ந்தது கடல் சாஸர். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. அடுத்து கியர் பாக்ஸ் சாஸர். நான் குனிந்து பார்த்தேன். விளிம்பில் லேசாக ஒரு வெள்ளை வளையம்.

“நமக்!” என்றார் சாஹிப். உப்பு. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

சேவியர் தூணை விட்டு விலகி நின்றார். மேடம் மட்டும் அசையவில்லை. “இன்னொண்ணு காயட்டும் சார்.”

குழாய்த் தண்ணீர் சாஸர் காய்வதற்கு எவ்வளவு நேரமானதென்று தெரியாது. எனக்கு ஒரு சர்வீஸ் காலம் ஆயிற்று. காய்ந்தது. அதிலும் அதே வளையம், அதே மெலிசு. எங்கள் குழாய்த் தண்ணீரைக் கெட்டிலில் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்த சுண்ணாம்புக் கறைதான்.

சாஹிப் கடல் சாஸரை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். முகம் சுளித்தார். கியர் பாக்ஸ் சாஸரை விரலால் துடைத்து நாக்கில் வைத்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் வைத்தார். ஒரு மேலதிகாரி கியர் பாக்ஸைச் சுவைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“சரி, கடல் இல்லை,” என்றார். “குழாய்த் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? இவனே ஊற்றினானா? வண்டி ஓட்டத் தெரியாமல் கியரைக் கடிக்கவிட்டு, அதற்குச் சாக்காகத் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே? கியரும் ஒழுங்காக விழ வேண்டும், தண்ணீர் போன வழியும் தெரிய வேண்டும். திகாவோ.”

மேடத்தின் சொல்லை மேடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வடித்த எண்ணெயில் ஒரு சொட்டை மேடம் துடைத்த சாஸரில் விட்டு வெயிலில் சாய்த்தார். பொன்னிறத் தூள் மினுமினுத்தது. பித்தளை. கியர் மாறும்போது இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சேர்த்து வைப்பது சின்னச் சின்னப் பித்தளை வளையங்கள். அவை தேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஒரு காரணம். எங்கள் பீப்பாய் இன்னொன்று.

தொண்ணூறு என்பது பிசுபிசுப்பின் நம்பர்தான், ரகம் வேறு. பீப்பாயில் இருந்தது ஜி.எல். ஐந்து ரகம். பின் அச்சின் கிரவுனுக்கு உகந்தது. அதிலுள்ள கந்தகச் சரக்கு இரும்புப் பற்களைக் காக்கும், பித்தளையை அரிக்கும். இந்தக் கியர் பாக்ஸுக்கு வண்டிப் புத்தகம் கேட்டது ஜி.எல். நாலு. இன்னொரு விஷயமும் உண்டு. எண்ணெய் வழுக்க வேண்டும், ஆனால் அந்த வளையம் வழுக்கக் கூடாது. கொஞ்சம் பிடித்தால்தான் வேகம் ஒன்றாகும். ஸ்டோர்கீப்பர் ஹல்தார் பாபு, “கியர் கா தேல் தோ கியர் கா தேல், மேடம்,” என்று கையை விரித்தார். கியர் எண்ணெய் என்றால் கியர் எண்ணெய்தானே.

என்னை அபர்தீன் பஜாருக்கு விரட்டினார் மேடம். கடைக்காரர் ஐந்தையே எடுத்து நீட்டினார். “அண்ணே, நாலவிட அஞ்சு பெருசு. நாலு கேட்டு வர்ற மொத ஆளு நீங்கதான்.” பெரிய நம்பர்தான் நல்லது என்பதற்கு மேலே யோசிக்காத வழக்கத்தில் நானும் வளர்ந்தவன்தான். கடைசி அலமாரியில், நசுங்கிய டின்களில் ஜி.எல். நாலு கிடைத்தது. எண்பது-தொண்ணூறு பிசுபிசுப்பு. லேபிளை இரண்டு முறை படித்தேன். திரும்பி வரும் ஆட்டோவில் மூன்றாவது முறை.

தண்ணீரின் மிச்சம் போக, மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு முறை சுற்றவிட்டு வடித்தோம். பிறகு புதியதை ஊற்றினோம், சுண்டுவிரல் தட்டுப்படும்வரை. ஆனால் தேய்ந்த வளையம் புது எண்ணெயால் வளர்ந்துவிடாது. எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று பாக்ஸைப் பிரித்தால்தான் தெரியும். பிரிக்க நேரமில்லை.

முன்னால் சேவியர், நடுவில் மேடம், ஜன்னலோரம் சாஹிப். நான் பின் தொட்டியில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அங்கிருந்து முகங்கள் தெரியாது. கியர் சத்தம் மட்டும் தகரத்தின் வழியாகக் காலில் ஏறும். டெலானிபூர் மேட்டில் ஏறச் சொன்னார் சாஹிப். மேடு செங்குத்தாகும் இடத்தில் வண்டி திணறியது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கியே ஆக வேண்டும். கிளட்ச் மிதித்தது தெரிந்தது. சத்தமில்லை. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமிகளையும் கும்பிட்டேன், அவருடைய மாதாவையும் சேர்த்து.

உள்ளே ஒரு முனகல். பிறகு டக். இரண்டாவது விழுந்தது.

உச்சியில், “மறுபடியும்,” என்றார் சாஹிப். இறங்கித் திரும்பி ஏறினோம். இந்த முறை முனகல்கூட இல்லை. மூன்றாவது முறை ஏறச் சொன்னபோது சேவியர் இரண்டே விரலால் கியரைத் தள்ளினார் என்று பிறகு மேடம் சொன்னார்.

பாக்ஸ் கொதிக்கக் கொதிக்கப் பட்டறைக்கு வந்தோம். “அணைங்க. யாரும் கழுவாதீங்க,” என்று சொல்லிவிட்டு மேடம் கேபினுக்குள் கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பரைக் கழற்றினார். பாக்ஸின் தலையில் ஒரு சின்னக் குழல் தெரிந்தது. சூட்டில் விரியும் காற்று வெளியேறவும், ஆறும்போது திரும்ப உள்ளே போகவும் வைத்த மூக்கு. அதற்கு ஒரு தொப்பி இருக்க வேண்டும். துரு தின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர் தேங்கத் தோதான பள்ளம்.

முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் இருந்தது. அதன் ஒரு முனையை அந்த மூக்கில் மாட்டினார். மறுமுனையை, தண்ணீரில் சொட்டு நீலம் கலந்த பாட்டிலுக்குள் விட்டார். பாட்டிலைச் சாஹிப்பின் கையில் கொடுத்தார்.

“சேவியர்ஜி, பலகைல போட்டிருக்கிற மாதிரி கழுவுங்க.”

சேவியர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இம்முறையும் தெரிந்த மாதிரிதான். குழாயைத் திறந்து, குனிந்து, வழக்கம்போல் அடிப்பாகத்தில் பீய்ச்சினார். கொதிக்கிற பாக்ஸில் குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுரீரென்று ஆவி எழுந்தது.

உள்ளே காற்று ஆறிச் சுருங்க, டியூபில் நீலம் அசைந்தது. பாட்டிலை விட்டு ஒரு விரற்கடை ஏறியது. இன்னொரு விரற்கடை. பிறகு யாரோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவதுபோல் விறுவிறுவென்று கியர் பாக்ஸை நோக்கி ஏறியது. சாஹிப் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்த்தார். மூக்கைத் தொட ஒரு சாண் இருக்கும்போது மேடம் டியூபைப் பிடுங்கினார்.

“போதும் சேவியர்ஜி.”

குழாய் நின்றது. பேசவேண்டியதைப் பலகை பேசிக்கொண்டிருந்தது. சிவப்பில். சோம்பேறி டிரைவர்கள் டீ குடித்து, கதையடித்து, பாக்ஸ் ஆறியபிறகு பேருக்கு ஒரு வாளி ஊற்றினார்கள். அவர்கள் வண்டிகள் பிழைத்தன. உத்தரவை எழுத்துக்கு எழுத்து மதித்தவரின் வண்டி தண்ணீர் குடித்தது. அதைச் சாஹிப்பிடம் யார் சொல்வது? மேடம் சொல்லவில்லை. நான் என் ஸ்பானர்களைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்ததையே இன்னொரு முறை துடைத்தேன்.

சாஹிப் பலகை முன்னால் போய் நின்று படித்தார். தானே எழுதவைத்த ஒற்றை வரியைப் படிக்க ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைத்ததில்லை. திரும்பிவந்து நீலப் பாட்டிலைக் கவனமாக வண்டியின் பானெட் மேல் வைத்தார்.

“பெயின்டரைக் கூப்பிடுங்கள்,” என்றார் மேடத்திடம். “‘வந்தவுடன்’ வேண்டாம். ‘ஆறியபின்’ என்று போடட்டும். எல்லா வண்டியின் மூக்கிலும் அந்த மாதிரி டியூப் மாட்டி மேலே தூக்கிக் கட்டுங்கள். எண்ணெயையும் மாற்றுங்கள்.” பிறகு, சேவியர் இருந்த பக்கம் பார்க்காமல், “அவன் பெயர் இருக்கட்டும். மத்தியானம் போட்டுவிடுகிறேன்,” என்றார்.

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவுமில்லை. வாட்ஸப் நண்பருக்கு, பதில் வந்துவிட்டது: பாக்ஸுக்கு நாலு, கிரவுனுக்கு ஐந்து, முதலில் மேல்மூடி. டியூப் எங்கே வாங்குவதென்று பத்மா மேடத்தைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் தலையாட்டுவேன்.

அன்று சாஹிப் தன் ஜீப்பில் ஏறப் போனவர் நின்றார். சேவியர் பிக்கப்பின் அருகில் பழைய டயரொன்றில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழாய், மூடியபடி. வலதுகையை வண்டிக்கு அடியில் நீட்டி, பாக்ஸின் மேல் வைத்திருந்தார்.

“என்ன, கழுவவில்லையா?” என்றார் சாஹிப்.

சேவியர் எழுந்திருக்கவில்லை. சாஹிப்பிடம் நேராகப் பேசி அவரை நான் அதுவரை கேட்டதில்லை.

“கரம் ஹை, சாஹிப்,” என்றார். சூடாக இருக்கிறது. “தோடா ருக்கியே.”

கொஞ்சம் பொறுங்கள். சாஹிப் பொறுத்தார்.